பவுண் ஏறியதா, ரூபா இறங்கியதா?

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் ஏறியபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோடு ஒட்டிக் கிடந்த வீடுகள் வரிசை வரிசையாக இல்லாமற் போயின. முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசு அறிவித்த கொடுப்பனவு 250,000 ரூபா. வீடு கட்ட அது போதாது என்ற குறை அன்றைக்கே இருந்தது. என்றாலும் 2005ஆம் ஆண்டு விலைக்கு அந்தக் காசில் 22 கரட் தங்கம் 23 பவுண் அளவில் வாங்கலாம். இருபது வருடம் கழித்து, 2025 ஒக்டோபரில், அதே 250,000 ரூபாவுக்கு ஒரு முழுப் பவுண் வராது.

ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும் “பவுண் அப்படி ஏறிட்டுது” என்பார்கள். ஏறியது பவுண்தானா என்று யாரும் கேட்பதில்லை. இந்த இருபது வருடத்தில் சில காலம் உண்மையாகவே பவுண் ஏறியது. சில காலம் அது நின்ற இடத்திலேயே நிற்க, நம் கையிலிருந்த ரூபா கீழே போனது. கடைத்தெருவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்துப் பார்க்கப் பழகினால், பத்திரிகையில் ‘கொழும்பு செட்டியார் தெரு நிலவரம்’ என்று வரும் அந்த ஒற்றைத் தங்க விலை நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி நிறையச் சொல்லும். அந்த ஏற்றம் யாருக்கு இலாபம், யாருக்குப் பாரம் என்ற கேள்விக்கு மட்டும் சந்தையில் விடை கிடைக்காது. அதற்கு இந்தக் கரையின் கல்யாண வழக்கத்துக்குள் போக வேண்டும்.

ஒரு பெருக்கல் கணக்கு

உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் கணக்கில், டொலரில் விற்கிறது. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். நமது பவுண் 8 கிராம். நகைத் தங்கம் 22 கரட், அதாவது 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். இவற்றையெல்லாம் சேர்த்துச் சுருக்கினால் வழி எளிது: அவுன்ஸ் விலையை 4.24ஆல் வகுத்தால் 22 கரட் பவுணின் டொலர் விலை வரும். அதை ஒரு டொலருக்கு எத்தனை ரூபா என்ற எண்ணால் பெருக்கினால் ரூபா விலை. கடைக்காரரின் இலாபம், வரி, செய்கூலி, சேதாரம் எல்லாம் இதற்கு மேலே.

ஆக, பவுண் விலை இரண்டு எண்களின் பெருக்கம். ஓர் எண் உலகத்துடையது, மற்றது நம்முடையது.

2022 தொடக்கத்தில் அவுன்ஸ் 1,800 டொலரை ஒட்டி இருந்தது. டொலரை மத்திய வங்கி 200 ரூபாவை ஒட்டிக் கட்டி வைத்திருந்தது. பெருக்கினால் பவுண் ஏறத்தாழ 85,000 ரூபா. மார்ச் 7ஆம் திகதி அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதம் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அவுன்ஸ் 1,850 டொலர் அளவில்தான் நின்றது. பவுணோ கணக்குப்படி 157,000 ரூபா. உலக விலை 3 சதவீதமும் கூடவில்லை, உள்ளூர் விலை 85 சதவீதம் கூடியது. அந்த மாதங்களில் ஏறியது பவுண் அல்ல.

இரண்டாவது காட்சி 2023 டிசம்பர் இறுதி. அவுன்ஸ் 2,060 டொலரைத் தாண்டியிருந்தது. டொலரோ 324 ரூபாவுக்கு இறங்கியிருந்தது. பெருக்கினால் அதே 157,000. உலகத்தில் தங்கம் ஏறியிருக்கிறது, ரூபாவும் கொஞ்சம் எழும்பியிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. அந்த மேயிலும் இந்த டிசம்பரிலும் மட்டும் கல்முனைக் கடையில் விலை கேட்டவருக்கு, இடையில் ஒன்றரை வருடம் எதுவுமே நடக்காதது போல இருந்திருக்கும்.

மூன்றாவது, 2025 ஒக்டோபர். அவுன்ஸ் 4,000 டொலரைக் கடந்தது. டொலர் 303 ரூபா அளவில். பவுண் ஏறத்தாழ 286,000. இந்த முறை ரூபா குற்றவாளி அல்ல, அது 2023ஐவிடப் பலமாகவே இருந்தது. ஏறியது தங்கம்தான்.

2022இன் ஏற்றமும் 2025இன் ஏற்றமும் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரே காய்ச்சல் மாதிரித் தெரியும். முதலாவது நம் உடம்பில் வந்த நோய். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரிசி, பருப்பு, பால்மா, பவுண் எல்லாம் சேர்ந்து ஏறின. இரண்டாவதில் அரிசி ஏறாமல் பவுண் மட்டும் ஏறியது. அது வெளியூர்க் காற்று.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். பவுண் விலையை உலக விலையால் வகுத்தால், நகை வியாபாரி டொலருக்கு என்ன மதிப்புப் போடுகிறார் என்று தெரிந்துவிடும். 2022 மார்ச்சுக்கு முந்திய மாதங்களில் வங்கிப் பலகை டொலர் 203 ரூபா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கு யாருக்கும் டொலர் கிடைக்கவில்லை. நகை வியாபாரி கிடைக்காத டொலரில் விலை போட மாட்டார், கறுப்புச் சந்தை டொலரில்தான் போடுவார். ஆகவே கடை விலை உத்தியோகபூர்வக் கணக்குக்கு மேலே நின்றது. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் வங்கியை விட்டு உண்டியலில் காசு அனுப்பினார்கள். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஊழியர் அனுப்பும் பணம் 2022இல் 3.8 பில்லியனாகச் சுருங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ரூபாவின் உண்மை விலையை மத்திய வங்கி ஒத்துக்கொள்ளும் முன்னரே செட்டியார் தெருவும் உண்டியல்காரரும் சொல்லிவிட்டார்கள்.

நாடும் நகையை எடுக்கும்

2025இல் தங்கத்தை உயர்த்தியது யார்? கல்யாண வீடுகள் அல்ல. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின், மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் கையிருப்பை முடக்கின. டொலரிலும் யூரோவிலும் வைத்த சேமிப்பை இன்னொருவர் ஒரு கையெழுத்தில் நிறுத்திவிட முடியும் என்று மற்ற நாடுகள் கண்டன. பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தை அப்படி நிறுத்த முடியாது. 2022, 2023, 2024 மூன்று வருடமும் உலகின் மத்திய வங்கிகள் சேர்ந்து வருடத்துக்கு 1,000 தொன்னுக்கு மேல் வாங்கின. காசின் மேல் நம்பிக்கை குறைந்ததுதான் காரணம். மூத்தம்மா தலையணைக்குள் சங்கிலியை வைத்துத் தைத்ததற்கும் அதே காரணந்தான்.

இலங்கை அந்த வரிசையில் எதிர்த் திசையில் நின்றது. 2021 டிசம்பர் ஒரே மாதத்தில் நமது மத்திய வங்கியின் தங்கக் கையிருப்பு 382 மில்லியன் டொலரிலிருந்து 175 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருளுக்கும் கடன் தவணைக்கும் டொலர் தேடிய நேரம் அது. விற்றபோது அவுன்ஸ் 1,800 டொலர் அளவு. நாலு மாதத்தில் நாடு கடன் கட்டுவதை நிறுத்தியது, நாலு வருடத்துக்குள் அந்தத் தங்கத்தின் விலை இரட்டிப்பைத் தாண்டியது.

1991இல் இந்தியாவும் இதே இக்கட்டில் இருந்தது. அது ஏறத்தாழ 47 தொன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்து, 400 மில்லியன் டொலர் அளவில் கடன் வாங்கியது. ஊரே தலைகுனிந்தது போல அங்கே பேசப்பட்டது. ஆனால் ஈடு வைத்ததை மீட்கலாம், விற்றதை மீட்க முடியாது. இந்த வித்தியாசத்தை எங்கள் பகுதிப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மகள் பிறந்த வீட்டின் கடன்

கிழக்குக் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், குடி தாய்வழியில் வரும். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்கு. இரண்டாவது மகளுக்கு இன்னொரு வீடு. அக்கரைப்பற்றில் 1970கள் தொட்டு ஆய்வு செய்து, 2008இல் பெரிய நூலாக எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தச் சீதன வீட்டு வழக்கம் இரு சமூகத்தையும் ஒரே அச்சில் வார்த்திருப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளை, ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதியபோது எழுந்த சிக்கலும் இதிலிருந்து வந்ததுதான். வீடு பெண்ணுடையதாக இருக்கும் ஊரில், உறுதியை மட்டும் ஆணின் பெயரில் எழுதினார்கள். வீட்டுக்கு உறுதி வேண்டும், பதிவு வேண்டும், கச்சேரி வேண்டும். காப்புக்கு இவை ஒன்றும் வேண்டாம். பெண்ணின் இரண்டு சொத்தில், அவள் கையோடு போவது நகை ஒன்றுதான்.

ஆகவே இங்கே பவுண் என்பது சேமிப்பு மட்டும் அல்ல, அது ஒரு கடமையின் அளவுகோல். “பிள்ளைக்குப் பத்துப் பவுண் போட வேணும்” என்றுதான் பேச்சு. இத்தனை இலட்சம் என்று யாரும் சொல்வதில்லை. பொருளாதார நூல்கள் தங்க விலையேற்றத்தை வைத்திருப்பவரின் இலாபமாக எழுதும்போது இதைத்தான் தவறவிடுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மகள்மார். ஆளுக்குப் பத்துப் பவுண் என்பது தாயின் எண்ணம். கையில் இருப்பது 12 பவுண். பவுண் 157,000இலிருந்து 286,000க்குப் போகிறது. கையிலிருக்கும் நகையின் மதிப்பு 15 இலட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது, காகிதத்தில் அவர் செல்வந்தர். ஆனால் அந்த 12 பவுணும் எப்படியும் மகள்மாருக்குத்தான் போகும். மிச்சம் தேட வேண்டிய 18 பவுணுக்கு இப்போது 23 இலட்சம் கூடுதலாக வேண்டும். விலையேற்றம் அவரை ஏழையாக்கியிருக்கிறது. ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள அடுத்த வீட்டில் அதே 12 பவுண் இருந்தால், அங்கே அது முழு இலாபம். ஒரே வீதி, ஒரே எடை, இரண்டு எதிரெதிர்ப் பொருளாதாரம்.

கடமையை ரூபாவில் அளப்பதா, பவுணில் அளப்பதா என்ற வித்தியாசம் சட்டப் புத்தகத்திலும் ஒளிந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் ஏற்கிறது, காதி நீதிமன்றத்தில் இரண்டையும் கேட்டு வாங்கலாம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது மஹர், பெண் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை கைக்குப் போவது கைக்கூலி. 2000ஆம் ஆண்டில் ஒரு பவுண் கணக்குப்படி 5,000 ரூபா அளவு. அன்று ‘மஹர் 5,001 ரூபா’ என்று எழுதிக் கொடுக்காமல் விட்ட கணவர் இன்று கொடுக்க வேண்டியது அதே 5,001 ரூபாதான். அது இரண்டு கிலோ இறைச்சிக்குக்கூட இழுபறி. ‘மஹர் ஒரு பவுண்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடன் பவுணோடு சேர்ந்து வளர்ந்திருக்கும். பொருளாதாரத்தில் பணவீக்கத்துக்கு ஈடுகட்டிய ஒப்பந்தம் என்று பெரிதாகப் பேசுவதை, இரண்டு சொல்லில் எழுதிவிடும் வசதி நம் கல்யாணப் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை பேர் பாவிக்கிறோம்?

ஈட்டுச் சிட்டு

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. அதற்குள் உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அவற்றுக்கு மேலே ஈட்டுச் சிட்டு. பத்து வயதில் உம்மாவோடு வங்கிக்குப் போன ஒரு நாள் நன்றாக ஞாபகம். உம்மா முந்தானைக்குள் கையை விட்டு, உள்ளே வைத்தே காப்பைக் கழற்றினார். சவர்க்காரம் போடாததால் கழற்ற நேரம் எடுத்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கறுப்பு உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, ஒரு துளி அமிலம் விட்டு, கோடு மங்குகிறதா என்று பார்த்தார். பிறகு தராசு.

“எவ்வளவு எடுக்கப் போறீங்கம்மா? முழுசா எடுத்தா வட்டியும் கூடும்.”

“விதைப்புக்குத்தான் மகன். வெள்ளாமை வெட்டினதும் மீட்டிருவன்.”

வெள்ளாமை வெட்டினதும் மீட்பது: இந்த ஒரு வாக்கியத்தில் அம்பாறைக் கரையின் நிதி அமைப்பு முழுவதும் அடங்கும். ஒக்டோபர், நவம்பரில் பெரும்போக விதைப்பு. உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு வேண்டும். நகை உள்ளே போகும். பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு. நகை வெளியே வரும். இடையில் ஒரு கல்யாணம் வந்தால் இன்னொருவரின் நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். வளைகுடாவுக்கு விசா எடுப்பதற்கும், கடைக்குச் சரக்குப் போடுவதற்கும், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கும் இதே வழிதான். கடன் ஆணுடைய தொழிலுக்கு, பிணை பெண்ணுடைய கழுத்து.

ஆகவே ஊரின் நாடியைப் பார்க்க வேண்டுமானால் தங்க விலையை மட்டும் பார்த்துப் போதாது, ஈட்டுக் கவுண்டரில் மூன்று விடயத்தைப் பார்க்க வேண்டும். நகை வந்து, வெட்டோடு திரும்பிப் போனால் ஊர் சுகமாக இருக்கிறது. வருடம் முடிந்தும் மீட்காமல் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்தால் ஊர் மூச்சு வாங்குகிறது. ஈட்டை விட்டு நகைக் கடைக்குப் போய் ஒரேயடியாக விற்றால், அந்த வீட்டில் இனி வரும்படி வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் விழுந்தது. நெல்லை நம்பி வைத்த நகையை மீட்க நெல் இல்லை. அதற்குள் ரூபாவும் விழுந்தது. அந்த வருடம் பல வீடுகள் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு நேரே குதித்தன.

நடுப்படியில் ஓர் ஆபத்து உண்டு. பவுண் ஏறும்போது அதே காப்புக்கு வங்கி கூடுதல் முற்பணம் தரும். பழைய கடனையும் வட்டியையும் அதில் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வரலாம். நகை ஒரு முறையும் வீட்டுக்கு வராமலே கடன் மட்டும் வளரும். விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரை இது நடக்கும்.

அது நின்ற நாளும் நமக்குத் தெரியும். 2013 ஏப்ரல் 12ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில், இரண்டே வியாபார நாளில், அவுன்ஸ் 1,560 டொலரிலிருந்து 1,360க்கு விழுந்தது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. அன்றைய டொலர் விலையில் பவுணுக்கு 6,000 ரூபா இறக்கம். அந்த வருட முடிவில் அவுன்ஸ் 1,200. ஒரு வருடம் முன்பு பவுணுக்கு 45,000 ரூபா முற்பணம் வாங்கியிருந்தவர், வட்டியோடு 50,000க்கு மேல் கட்டி, 40,000 ரூபாகூடப் பெறாத நகையை மீட்க வேண்டும். கணக்குத் தெரிந்தவர் மீட்க மாட்டார். நாடு முழுவதும் நகைகள் வங்கிகளில் தங்கிவிட்டன. செயற்படாக் கடன் 2013 முடிவில் மொத்தக் கடனில் 5.6 சதவீதமானது, அதற்கு முக்கிய காரணம் அடகுதான். மறுவருடம் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தங்கம் இறங்காது என்று நம்பியவர்கள் பாமர மக்கள் மட்டும் அல்ல, வங்கிகளும்தான்.

வட்டியும் ஸகாத்தும்

முஸ்லிம் ஊரில் ஈட்டுக்கு இன்னொரு முள் இருக்கிறது. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வட்டிக்கு நகை வைக்கும் சங்கடம் ஊரறிந்தது. இதற்கு மாற்று உலகில் உண்டு. மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் 1992இல் ‘அர்-ரஹ்னு’ என்ற இஸ்லாமிய அடகு தொடங்கியது. கடன் வட்டியில்லாக் கடன், நகையைப் பாதுகாப்பதற்கு மட்டும் கட்டணம். இலங்கையிலும் இஸ்லாமிய நிதிச் சேவைகள் இதை ஒட்டிய முறைகளை நடத்துகின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அந்தப் பாதுகாப்புக் கட்டணம் நகையின் எடைக்கா, கடனின் அளவுக்கா? பெட்டகத்துக்குள் ஒரு பவுண் பிடிக்கும் இடம் ஒன்றுதான். கடன் கூடக் கூடக் கட்டணமும் கூடினால், பெயர் மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை.

கடைக்குள்ளும் ஒரு விதி இருக்கிறது. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது மார்க்கம். எனவே பழைய சங்கிலியைக் கொடுத்து, மேலே காசு போட்டுப் புதியதை எடுப்பது கூடாது. பேணுதலான பெண்கள் பழையதை விற்று, காசை எண்ணிக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குவார்கள். வெளியிலிருந்து பார்க்க வெறும் சடங்கு போலத் தோன்றும். ஆனால் பழைய நகைக்குக் கடைக்காரர் உண்மையில் என்ன விலை போடுகிறார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். சேர்த்துக் கழித்தால் அது தெரியவே தெரியாது.

தங்க விலை ஏறும்போது ‘பணக்காரர்’ என்ற சொல்லுக்கும் எல்லை மாறுகிறது. ஸகாத் கடமையாகும் அளவு பெரும்பாலான இக்கால அறிஞர்களின் கணக்கில் 85 கிராம் தூய தங்கம். 2022 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா. 2025 ஒக்டோபரில் 33 இலட்சம். வெள்ளியின் அளவோ 595 கிராம், அது அப்போது 3 இலட்சத்தை ஒட்டியே நின்றது. கடையில் 20 இலட்சம் முதல் வைத்திருக்கும் ஒருவர், தங்கத்தால் அளந்தால் ஸகாத்துக்கு வெளியே, வெள்ளியால் அளந்தால் உள்ளே. ஊர் ஏழைக்கு எவ்வளவு சேரும் என்பதை இலண்டன் சந்தையும் நமது பள்ளிவாசல் ஸகாத் குழுவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இங்கே பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பெண் அளவோடு அணியும் நகைக்கு ஸகாத் இல்லை என்பது பிரபலமான கருத்து. கட்டியாகவும் காசாகவும் சேர்த்து வைத்தால் உண்டு. அணிவது வேறு, சேர்த்து வைப்பது வேறு என்று பொருளியலாளருக்கு முன்பே பிக்ஹ் பிரித்துவிட்டது.

அப்படியென்றால் வாங்கலாமா?

தங்கம் ஏறும் என்று வாங்குவோருக்கு ஒரு பழைய கதை. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலரைத் தொட்டது. 1999 நடுவில் அது 253 டொலர். பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. 850ஐ மறுபடி காண 2008 வரை, 28 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதே காலத்தை ரூபாவில் பாருங்கள். 1980 ஜனவரியில் பவுண் கணக்குப்படி 3,100 ரூபா அளவு, 1999இல் 4,200 ரூபா அளவு. உலகமே நட்டப்பட்ட காலத்தில் நமக்கு அது ‘ஏறி’ இருக்கிறது! காரணம், அதற்குள் டொலர் 16 ரூபாவை ஒட்டி இருந்ததிலிருந்து 70ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த இருபது வருடத்தில் அரிசி விலை எத்தனை மடங்கு ஏறியது என்று கேட்டால், பவுண் வைத்திருந்தவரும் நட்டப்பட்டவரே. பவுண் ஒருபோதும் நட்டப்படுத்தாது என்ற நம் ஊர் நம்பிக்கை, ரூபா தொடர்ந்து தேய்ந்ததால் உண்டான கண்மயக்கம்.

நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கல் வைத்த மாலைக்குக் கல்லின் எடையும் கழியும். அலுமாரியில் இருக்கும் தங்கம் குத்தகை தராது, கன்று போடாது. 2022 கடைசியில் திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. வட்டியைத் தவிர்ப்பவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அவருக்கு மிஞ்சுவது வயல், மாடு, வியாபாரம், பவுண். இவற்றில் பவுணின் பலம் ஒன்றே ஒன்று: இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காலையில் காசாகும். அந்த வேலைக்கு வேண்டிய அளவு வைத்திருப்பது புத்தி. பயந்து வாங்குவது வேறு. 2023 மார்ச்சில், சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியாகும் தறுவாயில், டொலர் 360 ரூபாவை ஒட்டி இருந்ததிலிருந்து 320ஐ ஒட்டி இறங்கியது. உலக விலை அசையாமல் நின்றாலே அந்த இறக்கம் பவுணுக்கு 18,000 ரூபா. ரூபா இனி எழும்பாது என்று அதற்கு முந்திய வாரம் வாங்கியவர், தங்கத்தின் மேல் பந்தயம் கட்டியதாக நினைத்துக்கொண்டு ரூபாவின் மேல் கட்டியிருந்தார்.

இப்போது விலை கேட்டால் நான் இரண்டு எண் கேட்கிறேன்: அவுன்ஸ் என்ன, டொலர் என்ன? இரண்டாவது எண் ஏறியிருந்தால், அந்த ஏற்றம் நாளை சீனியிலும் மருந்திலும் வரும் என்று தெரிந்துகொள்கிறேன். முதல் எண் மட்டும் ஏறியிருந்தால், வேறு யாரோ எங்கோ பயந்திருக்கிறார்கள்.

உம்மாவுக்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. பவுண் இறங்கிய செய்தி வந்தால் சிரிப்பார், ஏறிய செய்தி வந்தால் பேணியைத் திறந்து சிட்டின் திகதியைப் பார்ப்பார். நகை வைத்திருப்பவர் விலை ஏறினால் ஏன் முகம் வாடுகிறார் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு மூத்தது இரண்டு ராத்தாமார்.